‘நன்றி ஐயா’ என்று எழுதினால் வருகை

எங்கள் பள்ளியில் காணொளிப் பாடத்துக்கு வருகை எடுத்த விதத்தை வெளியாட்களிடம் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் பள்ளியின் காணொளி அலைவரிசையில் ஓர் அறிவியல் பாடம் ஏறும். நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை எல்லாப் பிள்ளைகளும் வார இறுதியில் வீட்டில் அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அதன் அடியில் தங்கள் பெயரையும் வகுப்பையும் போட்டு ‘நன்றி ஐயா’ என்று எழுத வேண்டும். எழுதிய பிள்ளை வந்த பிள்ளை. எழுதாத பிள்ளை வராத பிள்ளை. பாடம் புரிந்ததா, பிள்ளை அதை முழுதாகப் பார்த்ததா, அம்மா சமைத்துக்கொண்டே அவசரத்தில் தட்டிவிட்டாரா என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். நன்றி வந்ததா, அவ்வளவுதான்.

கிருமிக்குப் பயந்து பள்ளிகளைப் பூட்டி வைத்திருந்த நாட்களில் தொடங்கிய பழக்கம் அது. அப்போது அதில் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளை எங்கேயோ ஒரு வீட்டில் நலமாக இருக்கிறது, கையில் ஒரு கைப்பேசி கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பள்ளி திறந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியர் விடவில்லை. ஒவ்வொரு நன்றிக்கும் அலைவரிசையில் கருத்துகளின் எண்ணிக்கை ஒன்று கூடியது. பள்ளிக்கு யார் வந்தாலும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரோ, குடிநீர் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவரோ, கைப்பேசியை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டி எண்ணிக்கையைக் காட்டுவார். உத்தரவு போட்டு வாங்கிய நன்றியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு பூரித்துப்போக முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிள்ளானில் உள்ள அந்தத் தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக நான் அறிவியல் ஆசிரியை. காணொளியில் தோன்ற என்னை யாரும் அழைக்கவில்லை. என் முகம் கேமராவுக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்று தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதை ஈடுகட்ட எனக்கு ஒரு பதவி கொடுத்தார்: கருத்துப் பகுதிப் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வந்த நன்றிகளைப் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சரி போட வேண்டும். வராதவர்களுக்குப் பெருக்கல் குறி போட வேண்டும். யாராவது கண்டதையும் எழுதியிருந்தால் நீக்க வேண்டும். படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு இந்த வேலை. முகம் கடுக்காமல் வேறு என்ன செய்யும்.

காணொளியில் தோன்றியவர் என்னைவிட வயதில் இளையவர், பள்ளிக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகள் அவரைக் காணொளி சார் என்றார்கள். அவருக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. விளையாட்டுப் பொருள் வைக்கும் அறையைக் காலி செய்து, பக்கத்து நாசி லெமாக் சோற்றுக் கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளை எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஒட்டி, வாசலில் ‘படப்பிடிப்புக் கூடம்’ என்று பலகை மாட்டினார். பந்துகளும் வலைகளும் மாடிப்படிக்கு அடியில் கிடந்து தூசு தின்றன. பாடத்துக்கு ஒரு பூப்போட்ட பாத்தேக் சட்டை. பாடம் எதுவானாலும் “வணக்கம் என் செல்லக் குட்டி விஞ்ஞானிகளே” என்றுதான் தொடங்கும். குரலைக் குழைத்து அவர் அதைச் சொல்லும்போது எனக்குப் பல் கூசும். அதே செல்லக் குட்டி விஞ்ஞானிகள் வகுப்பில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால், காணொளியில் இருக்கிறது, வீட்டில் போய்ப் பார் என்று உட்கார வைத்துவிடுவார். பாடம் நடத்துவதிலிருந்து விடுதலை வாங்கத்தான் அவர் பாடத்தைப் படம் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை. பொறாமை என்பார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

மெழுகுவத்திப் பாடத்தைப் படம் பிடித்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். பின்னால் கட்டியிருந்த கறுப்புத் துணி நழுவிக்கொண்டே இருந்ததால் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பாடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்க்க வேண்டும். சற்று நேரத்தில் சுடர் அணையும், தட்டிலிருக்கும் தண்ணீர் கிளாஸுக்குள் ஏறும். சுடர் உள்ளே இருந்த ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று விளக்கம் சொல்ல வேண்டும். நானும் பதினெட்டு ஆண்டுகளாக அதைத்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

காணொளி சார் ஆறேழு முறை எடுத்தார். ஒவ்வொரு முறையும் கிளாஸைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்புக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று குமிழிகள் வெளியேறின. அவருக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் கலங்குகிறது, பார்க்க அழகாக இல்லை என்றார். கேமராவை இடம் மாற்றினார். தண்ணீரில் நீலச் சாயம் கலந்தார். குமிழி அப்போதும் வந்தது. கடைசியில் வெட்டி ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே செய்தார். கவிழ்க்கும் கையைக் காட்டி, அடுத்து வாயைப் பிளந்து ஆச்சரியப்படும் தன் முகத்தைக் காட்டி, அதற்கடுத்து ஜம்மென்று ஏறி நிற்கும் நீலத் தண்ணீரைக் காட்டினார். நடுவில் நடந்தது காணாமல் போனது. பின்னணியில் மேளம் வேறு.

தலைமையாசிரியர் அதைப் பார்த்து உருகிப்போனார். சுபாங் ஜெயாவில் நடக்கவிருந்த ஒரு கற்பித்தல் புத்தாக்கப் போட்டிக்கு அதையே அனுப்புவதென்று முடிவு செய்தார். நடுவர்கள் திங்கட்கிழமை முதல் அலைவரிசையைத் திறந்து பார்ப்பார்கள், பிள்ளைகளின் கருத்துகளையும் படிப்பார்கள், யாரும் பள்ளியின் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியலை விரித்து உட்கார்ந்தேன். நன்றி ஐயா. நன்றி ஐயா. நன்றி ஐயா சூப்பர். ஒரு பிள்ளை பாலர் பள்ளியில் இருக்கும் தன் தம்பிக்கும் சேர்த்து நன்றி சொல்லியிருந்தது. இன்னொன்று போன வாரத்துப் பாடத்தின் தலைப்பைப் போட்டு நன்றி சொல்லியிருந்தது. நான் பாட்டுக்குச் சரி போட்டுக்கொண்டே போனேன். இடையில் இப்படி ஒன்று வந்தது.

“ஐயா, நான் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. அதே கிளாஸில் மூன்று மெழுகுவத்தி வைத்தேன், நிறைய ஏறியது. கிளாஸ் ஒன்றுதானே, உள்ளே ஆக்ஸிஜன் ஒரே அளவுதானே இருக்கும்? பிறகு ஏன் ஐயா? கிளாஸை வைக்கும்போது குமிழி வருகிறது. உங்கள் வீடியோவில் வரவில்லை.”

கீழே பெயரும் ஆறாம் ஆண்டு என்பதும் இருந்தன. நன்றி மட்டும் இல்லை.

அவள் என் வகுப்புப் பிள்ளை. அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், அம்மா கையுறைத் தொழிற்சாலையில் முறை வேலை பார்ப்பவர். வீட்டில் இருப்பது அம்மாவின் கைப்பேசி ஒன்றுதான், அதுவும் அம்மா வேலைக்குப் போகாத நேரத்தில்தான் இவள் கைக்கு வரும். முதல் மாணவி என்று சொல்ல முடியாது; கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் பள்ளி முழுவதும் நன்றி எழுதிவிட்டு விளையாடப் போன அந்த வாரத்தில், தட்டை எடுத்து, தண்ணீர் ஊற்றி, ஒன்றுக்குப் பதில் மூன்று வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. காணொளி சாரின் மூக்கு உடையப் போகிறது என்ற அற்பச் சந்தோஷம். பிறகு கேள்வியை இன்னொரு முறை படித்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆக்ஸிஜன்தான் காரணம் என்றால் ஒன்று வைத்தாலும் மூன்று வைத்தாலும் தண்ணீர் ஒரே உயரம்தான் ஏற வேண்டும். பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். இத்தனை ஆண்டுகளில் இரண்டாவது மெழுகுவத்தி ஒன்றை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் வந்தது, அதுவும் அவள்மேல் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது அப்படித்தான்.

காணொளி சாரை அழைத்தேன். அவர் தலைமையாசிரியரோடு பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடையில் இருந்தார். பரிசளிப்பு நாளன்று நடுவர்களுக்குப் போர்த்தப் பொன்னாடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசு கிடைக்குமா என்பதே தெரியாது, அதற்குள் பொன்னாடை. கருத்தைப் படித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை சொன்னது சரியா தப்பா என்று அவர் கேட்கவே இல்லை.

“நெகட்டிவ் கமெண்ட்லா டீச்சர் அது. தூக்கிருங்க. நாளைக்கு ஜட்ஜஸ் பாப்பாங்க” என்றார்.

பின்னால் தலைமையாசிரியர் எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. நல்ல கூட்டாளிகள் என்று நினைத்துக்கொண்டு கைப்பேசியை வைத்தேன்.

உடனே நீக்கவில்லை. துணி துவைத்தேன், சமைத்தேன், சாப்பிட்டேன். நடுநடுவே அந்தக் கருத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ‘நல்ல கேள்வி. எனக்கும் தெரியவில்லை. நாளைக்கு வகுப்பில் சேர்ந்து செய்து பார்ப்போம்’ என்று அதற்கு அடியில் எழுதியிருக்கலாம். அரை நிமிட வேலை. எழுதினால் டீச்சருக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும், நடுவர்கள் உட்பட. மாலை நான்கு மணிக்கு நீக்கினேன். அவர் சொன்னார், அதனால் நீக்கினேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்குப் பதில் தெரியாததால்தான் நீக்கினேன். நீக்கிய பிறகு பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சரி போட முடியவில்லை. தலைமையாசிரியர் சரிகளையும் கருத்துகளையும் எண்ணி ஒத்துப் பார்ப்பவர். அதனால் பெருக்கல் குறி போட்டேன்.

திங்கட்கிழமை காலை பள்ளி முழுவதும் திடலில் நிற்கும் சபைகூடலில் வராதவர்களின் பெயரை வாசிப்பது வழக்கம். அன்றைக்கு நான்கு பையன்களின் பெயர்களும் அவள் பெயரும் வாசிக்கப்பட்டன. பையன்களுக்கு அது பழகிப்போன விஷயம்; இளித்துக்கொண்டே முன்னால் வந்து நின்றார்கள். அவள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

“நான் எழுதுனேன் சார்” என்றாள்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். அவரோடு சேர்ந்து மொத்தப் பள்ளியும் திரும்பியது. எழுதினாளா என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

“வரல சார்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நடந்து வந்து பையன்களுக்குப் பக்கத்தில் நின்றாள். எழுதாமல் விடுவதுகூடப் பரவாயில்லை, எழுதினேன் என்று பொய் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று தலைமையாசிரியர் பிள்ளைகளுக்குச் சிற்றுரை ஆற்றத் தொடங்கினார். வெயில் ஏற ஏற அது நீண்டுகொண்டே போனது. ஆசிரியர் வரிசையில் நிமிர்ந்து நின்று நான் அதை முழுதும் கேட்டேன். அதுவரை அந்தப் பள்ளியில் எல்லாரையும் என்னைவிட ஒரு படி கீழே வைத்துத்தான் பார்த்துப் பழகியிருந்தேன். அன்றைக்குத் தலைமையாசிரியரும் காணொளி சாரும் எனக்கு மேலே நின்றார்கள். அவர்களுக்கு அந்தக் குமிழியின் மதிப்பும் தெரியாது, கேள்வியின் மதிப்பும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.

அன்று பிற்பகல் வீடு திரும்பும் வழியில் மெழுகுவத்தி வாங்கினேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அடுக்களையில் தட்டை எடுத்து வைத்தேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று. அவள் எழுதியபடியே தண்ணீர் மூன்றுக்கு அதிகம் ஏறியது. மறுபடி மறுபடி செய்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுடர் எரியும்போது தண்ணீர் ஏறவில்லை. சுடர் மங்கி அணையும்போதுதான் விறுவிறுவென்று ஏறியது. ஆக்ஸிஜனை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கிறது என்றால் தண்ணீரும் முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏறியிருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். சுடரின் சூட்டில் கிளாஸுக்குள் காற்று விரிகிறது, இடம் போதாமல் அடிவழியாகக் கொஞ்சம் வெளியே போகிறது, அதுதான் குமிழி. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவத்திக்குச் சூடு அதிகம், வெளியேறும் காற்றும் அதிகம். பதில் முழுவதும் அந்தக் குமிழியில் இருந்தது. அழகில்லை என்று காணொளி சார் வெட்டி எறிந்தது அதைத்தான், துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றதும் அதைத்தான்.

போட்டியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அவர்கள் பார்த்த இடத்தில் குமிழியும் இல்லை, கேள்வியும் இல்லை. காணொளி சார் அந்தப் பதக்கத்தை இரண்டு நாள் கழுத்திலிருந்து கழற்றவில்லை, சிற்றுண்டிச் சாலையில் மீ கோரேங் வாங்க வரிசையில் நின்றபோதும் அது சட்டைமேல் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளி வாசலில் பதாகை கட்டினார்கள். தலைமையாசிரியர் படம் பெரிது, காணொளி சார் படம் அதைவிடக் கொஞ்சம் சிறிது, பிள்ளைகள் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு. ‘சிந்திக்கும் தலைமுறையை உருவாக்குவோம்’ என்று அதில் எழுதியிருந்தது. படித்ததும் காறித் துப்பலாம் போலிருந்தது. எங்கே துப்புவது என்றுதான் தெரியவில்லை, நானும் அந்தப் பள்ளியில்தானே சம்பளம் வாங்குகிறேன்.

பதாகை கட்டிய அன்று ஓய்வு நேரத்தில் அவளை நடைபாதையில் தனியாக நிறுத்தினேன். அவள் எழுதியது வந்தது என்றேன். நான்தான் நீக்கினேன், சபைகூடலில் பொய் சொன்னவளும் நான்தான், நீயில்லை என்றேன். குமிழியைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் படித்ததையெல்லாம் படபடவென்று சொன்னேன். பன்னைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள், அல்லது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எதுவானாலும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“தெரியும் டீச்சர். சார் பதில் போட்டுட்டாரான்னு அன்னிக்கு அம்மா போன்ல அஞ்சு தடவ பாத்தேன். நாலு தடவ இருந்துச்சு.”

சபைகூடலில் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். பரவாயில்லை டீச்சர் என்றாள். பெரியவர்களிடம் சொல்லிப் பழகிய குரலில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்குள் கை கழுவ வேண்டும் என்று போய்விட்டாள்.

மறுநாள் அறிவியல் நேரத்துக்குத் தட்டையும் கிளாஸையும் மூன்று மெழுகுவத்திகளையும் நானே கொண்டுபோனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேமரா இல்லை, நீலச் சாயம் இல்லை. பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் குவிந்தார்கள். முதலில் ஒன்றை வைத்துக் காட்டினேன், பிறகு மூன்றையும் வைத்தேன். குமிழி வந்தபோது எல்லாரும் பார்க்கட்டும் என்று விரலால் சுட்டிக் காட்டினேன். தண்ணீர் ஏறியது. ஏன் இந்த முறை அதிகம் ஏறியது என்று வகுப்பைக் கேட்டேன். விடையை நான் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அது அவளுக்கு உரியது. எல்லார் முன்னிலையிலும் பறித்ததை எல்லார் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

“நீ சொல்லும்மா. இது உன் கேள்விதான்” என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். ஒரு முறை தட்டைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

“உள்ள இருந்த ஆக்ஸிஜன் தீந்துபோச்சு டீச்சர்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சரியான விடை என்று வகுப்பு முழுவதும் கை தட்டியது.